கேத் லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

கோடம்பாக்கம் பவர் ஹவுஸ் நிறுத்தத்தை ஒட்டிய எங்கள் தெருவில் இந்த வருஷம் இரண்டு பிள்ளைகள் கேத் லேப் படிப்பை முடித்து வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். அதில் ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "அங்கிள், ஹார்ட் கேஸ்னா டிரேயைக் கண்ணை மூடிக்கிட்டு அடுக்கிடுவேன். குடல்ல ரத்தம் கசியுதுன்னு ராத்திரி ஒரு கேஸ் கொண்டாந்தாங்க, எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல" என்றாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர்களுக்குப் பக்கத்தில் ஈய அங்கி போட்டுக்கொண்டு நின்றே வயதானவன். என் அறிவுரையும் அந்த அளவுக்குத்தான். ஊசித் துளை வழியாகக் குழாய் விட்டு, ரத்தம் கசிகிற நாளத்தை உள்ளிருந்தே அடைக்கிற வேலைக்கு எம்போலைசேஷன் என்று பெயர். அடைப்பதற்குச் சாமான் எத்தனையோ வந்துவிட்டது. எங்கே அடைப்பது, எவ்வளவு அடைப்பது, எதை விட்டுவைப்பது என்பதில்தான் தொழில் இருக்கிறது.

1. சத்தமில்லாமல் வருகிற கேஸை அதிகம் கவனியுங்கள். நம்ம ஏரியாவில் எடுத்த படங்களில் கதாநாயகன் இருமுவான், கைக்குட்டையில் சிவப்பு தெரியும், டாக்டர் கண்ணாடியைக் கழற்றுவார். நிஜத்தில் குடல் ரத்தக் கசிவு அப்படி முன்னறிவிப்போடு வருவதில்லை. ஒரு வாரமாக மூச்சு வாங்குகிறது, மாடி ஏறினால் தலை சுற்றுகிறது என்று வருவார்கள். ஹீமோகுளோபின் பார்த்தால் 5 இருக்கும். "மலம் எப்படிப் போகுது?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, "கறுப்பாத்தான் போகுது, சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு" என்பார்கள். தார் போலக் கறுத்து, ஒட்டிக்கொண்டு, தனி நாற்றத்தோடு போனால் அது மேல் குடலிலோ இரைப்பையிலோ செரித்த ரத்தம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அயச்செந்தூரம் சாப்பிட்டாலும் கறுக்கும். ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது. பீட்ரூட் பொரியல் சாப்பிட்டுவிட்டுச் சிவப்பைப் பார்த்து அலறிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. வெட்கப்படாமல் கேளுங்கள். நீங்கள் வெட்கப்பட்டால் அவர்களும் வெட்கப்படுவார்கள்.

2. மேஜைக்கு வந்திருப்பது எந்தக் குழாய் என்று தெரிந்துகொள்ளுங்கள். ரத்த வாந்தி என்றாலே எம்போலைசேஷன் கிடையாது. முட்டி வலிக்கு மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போட்ட வலி மாத்திரையால் வந்த அல்சர் என்றால், எண்டோஸ்கோப்பியில் கிளிப்போ ஊசியோ போட்டு முடித்துவிடுவார்கள். அங்கே நிற்காததுதான் நம்மிடம் வரும். குடியால் ஈரல் சுருங்கி, உணவுக்குழாயில் சிரை வீங்கி வெடித்த கேஸ் வேறு சாதி. அது தமனி இல்லை. அதற்கு வளையம் போடுவார்கள், மருந்து வேறு, வழி வேறு.

நம் மேஜைக்கு வருகிற கோளாறான குழாய்களில் நாலைந்து முகம் உங்களுக்குப் பழகிவிட வேண்டும். முதலாவது ஆஞ்சியோடிஸ்பிளாசியா. வயதானவர்களுக்கு, பெரும்பாலும் பெருங்குடலின் வலது பக்கத்தில், குடல் சுவருக்குள் சின்னக் குழாய்கள் விரிந்து சுருண்டு மெலிந்துபோய்க் கிடக்கும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களிடமும் அடிக்கடி காணலாம். இரண்டாவது, பிரெஞ்சு மருத்துவர் தியூலாஃபோய் 1898இல் விவரித்தது: இரைப்பையின் மேல்பகுதியில், மெலிய வேண்டிய தமனி மெலியாமல் தடிமனாகவே சளிச்சவ்வுக்கு அடியில் வந்து நிற்கும். புண் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. திடீரென்று பீறிட்டு அடிக்கும், நின்றுவிடும். எண்டோஸ்கோப்பி பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாமலும் போகும். மூன்றாவது, கணைய அழற்சியால் பக்கத்துத் தமனி அரித்துப் பலூன் போலப் புடைத்துக்கொள்வது. மண்ணீரல் தமனியில் அதிகம். இளம் வயது ஆண், குடிப்பழக்கம், முதுகுக்குப் பாயும் வயிற்றுவலி, கூடவே கறுப்பு மலம் என்று சீட்டில் பார்த்தால் இதை நினையுங்கள். இன்னொன்று பரம்பரையாக வருவது. முகக்கவசத்தை இறக்கும்போது உதட்டிலும் நாக்கிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்து, "சின்ன வயசிலேர்ந்து மூக்குல ரத்தம் வரும்" என்று அவர் சொன்னால், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கவனித்திருப்பார்; கவனிக்காமலும் இருந்திருக்கலாம்.

3. தொழிலின் வரலாறு கொஞ்சமாவது தெரிந்திருக்கட்டும். ஊசிக்குள் கம்பியை விட்டு, கம்பி மேல் குழாயை ஏற்றும் வித்தையை ஸ்வீடனின் செல்டிங்கர் 1953இல் வெளியிட்டார். இன்றைக்கும் நீங்கள் தினமும் செய்வது அதுதான். 1963இல் அமெரிக்காவின் நஸ்பாமும் பாமும் குடலில் ரத்தம் கசியும் இடத்தை ஆஞ்சியோவில் காட்டலாம் என்று நிரூபித்தார்கள். 1972இல் ஓரிகனில் ராஷ், டாட்டர், பிரவுன் மூவரும் நோயாளியின் சொந்த ரத்தத்தையே உறையவைத்து, அந்தக் கட்டியைக் குழாய் வழியாக அனுப்பி இரைப்பை ரத்தக் கசிவை நிறுத்திய செய்தியை வெளியிட்டார்கள். 1975இல் ஜியான்டுர்கோவின் காயில் வந்தது, கம்பிச் சுருளில் கம்பளி நூல் கோத்து. நம்ம ஊரும் இந்தத் துறையில் சும்மா இருந்ததில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் கேப்டன் பர்னார்டு பெயரில் கதிரியல் நிலையம் 1934இலேயே வந்துவிட்டது.

4. ரத்தம் ஓடும்போதுதான் படம் காட்டும். இதை மனதில் ஆணி அடித்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு அரை மில்லியாவது கசிந்தால்தான் நம் ஆஞ்சியோவில் சாதாரணமாகத் தெரியும். சி.டி. ஆஞ்சியோவில் 0.3 மில்லி அளவுக்குக்கூடத் தெரியும் என்பார்கள். ரத்தச் சிவப்பணுவில் கதிரியக்கப் பொருளைச் சேர்த்து எடுக்கும் ஸ்கேன் இன்னும் நுணுக்கம், 0.1 மில்லி போதும். ஆனால் இடத்தைத் துல்லியமாகச் சொல்லாது, நேரமும் பிடிக்கும். அதனால் நோயாளி தாங்குகிற நிலையில் இருந்தால் முதலில் சி.டி., அதில் இடம் தெரிந்ததும் நேரே நம் மேஜை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஸ்ட்ரெச்சருக்கும் லிஃப்டுக்கும் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நமக்கு எதிரி. குடல் கசிவு விட்டு விட்டு வரும். சி.டி.யில் பளிச்சென்று தெரிந்தது மேஜையில் படுக்கவைப்பதற்குள் நின்றுபோய், எல்லாக் குழாயும் நல்ல பிள்ளையாக நிற்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

சி.டி. பிரிவில் இருக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வயிற்று ஸ்கேன் என்றதும் பழக்கத்தில் குடிக்கும் மருந்தைக் கலக்கிக் கொடுத்துவிடாதீர்கள். குடலுக்குள் வெள்ளையாக மருந்து நிறைந்திருந்தால், அதில் கசியும் ரத்தத்தின் வெள்ளை எப்படித் தெரியும்?

5. குளூவுக்கு மேஜை தனி. இதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் புதுப் பிள்ளைகள் தடுமாறும் இடம் இது.

கேத் லேபில் நம் கை தானாகப் போவது சேலைன் கிண்ணத்துக்கு. கதீட்டரைக் கழுவ சேலைன், ஒயரைத் துடைக்க சேலைன். குளூ என்கிற சயனோஅக்ரிலேட் பசைக்கு அதுதான் ஆகாது. ரத்தத்திலோ சேலைனிலோ இருக்கும் உப்பு அயனிகள் பட்டதும் அது இறுகிவிடும். உள்ளே போய் இறுகத்தான் அதைப் போடுகிறோம். கதீட்டருக்குள்ளேயே இறுகினால் கதை முடிந்தது. "குளூ போடலாம்" என்று டாக்டர் சொன்னதும் சின்ன மேஜை ஒன்றில் புதுத் துணி விரியுங்கள். புதுக் கிண்ணம், அதில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் மட்டும். கையுறையை மாற்றுங்கள். அவர் கையுறையையும் மாற்றச் சொல்லுங்கள். பெரியவர் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். சிரிஞ்சுகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டி எழுதுங்கள், இது டெக்ஸ்ட்ரோஸ், இது கலவை என்று. பசையை லிப்பியோடாலோடு கலப்பார்கள். கலந்தால் எக்ஸ்ரேயில் தெரியும், இறுகும் வேகமும் குறையும். ஒன்றுக்கு இரண்டா, மூன்றா, நான்கா என்று அவர் சொன்னதும் அதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். "ஒண்ணுக்கு மூணு, சார்." அவர் தலையாட்டிய பிறகு கலக்குங்கள். பசை போனதும் மைக்ரோ கதீட்டரைச் சட்டென்று உருவிவிடுவார். தாமதித்தால் முனை உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். உருவினது குப்பைக்கு. அடுத்ததை முன்கூட்டியே எடுத்து வைத்திருங்கள்.

சும்மா ஒரு தகவல். 1901இல் பிரான்சில் உருவான அந்த லிப்பியோடால் அயோடின் ஏற்றிய கசகசா எண்ணெய்தான். குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசா.

6. மூச்சும் குடலும் நிற்க வேண்டும். டி.எஸ்.ஏ. என்பது முதல் படத்தை அடுத்த படத்திலிருந்து கழித்து, எலும்பை மறைத்துக் குழாயை மட்டும் காட்டுகிற வித்தை. நடுவில் நோயாளி மூச்சு விட்டால் கழித்தல் கணக்குத் தப்பிவிடும். ஆகவே மைக்கில் "மூச்சைப் பிடிங்க" என்று அதட்டுவதற்கு முன்னால், மேஜையில் படுத்ததுமே பக்கத்தில் போய் இரண்டு தரம் பழக்கிவிடுங்கள். "பெரியம்மா, நான் சொல்றப்ப அப்படியே நிறுத்திக்கணும், எண்ணி பத்து எண்ணுறதுக்குள்ள விடச் சொல்லிடுவேன்" என்றால் கேட்பார்கள். குடல் சொன்னால் கேட்காது; அதற்கு பஸ்கோபான் ஊசி. கண் அழுத்த நோய் உண்டா என்று அதற்கு முன் கேட்டு வைப்பது உங்கள் பொறுப்பு. குடல் காற்று நகர்ந்தாலும் கசிவு போலவே ஒரு கறை தெரியும். தமனி வெளுத்த பிறகும் ஓர் இடத்தில் மை நின்று பரவினால் அது கசிவு. அதனால் ரன் எடுக்கும்போது பெடலைச் சீக்கிரம் விட வைக்காதீர்கள். சிரை நிரம்பும்வரை போகட்டும். ஆஞ்சியோடிஸ்பிளாசியாவில் கசிவே தெரியாமல், சிரை மட்டும் அவசரமாக முன்கூட்டி நிரம்புவதுதான் துப்பு.

7. இரைப்பைக்கு ஒரு நியாயம், குடலுக்கு ஒரு நியாயம். இரைப்பைக்கும் டியோடினத்துக்கும் நாலா பக்கமிருந்தும் ரத்தம் வருகிறது. அங்கே கொஞ்சம் தாராளமாக அடைக்கலாம். ஆனால் அதே காரணத்தால் ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் பிரயோஜனமில்லை. ரங்கநாதன் தெருவை உஸ்மான் சாலை முனையில் மட்டும் மறித்துப் பாருங்கள், மாம்பலம் ஸ்டேஷன் வழியாகக் கூட்டம் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். கேஸ்ட்ரோடியோடினல் தமனியிலோ, கணையத்தால் புடைத்த மண்ணீரல் தமனியிலோ, புடைப்பைத் தாண்டிப் போய் பின்பக்கம் காயில் போட்டு, பிறகு முன்பக்கம் போடுவது அதனால்தான். அந்த ஒழுங்கு தெரிந்தால், எந்தக் காயிலை முதலில் நீட்ட வேண்டும் என்று நீங்களே அறிவீர்கள்.

சிறுகுடலும் பெருங்குடலும் அப்படியில்லை. குடல் சுவரைத் தொடும் கடைசிக் கிளைகளுக்கு மாற்று வழி குறைவு. அங்கே தாராளம் காட்டினால் ரத்தம் நிற்கும், கூடவே குடலும் செத்துப்போகும். அப்புறம் சர்ஜனிடம்தான் ஓட வேண்டும். அதனால் ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்த மைக்ரோ கதீட்டரைக் கசிவின் வாசல்வரை கொண்டுபோய், 2 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் காயில் ஒன்றிரண்டு போட்டு நிறுத்திக்கொள்வார்கள். பார்ப்பதற்கு இவ்வளவுதானா என்று இருக்கும். அந்தக் கஞ்சத்தனம்தான் இங்கே சாமர்த்தியம். காயில் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன் அளவை உரக்கப் படியுங்கள். பிரித்ததைத் திரும்ப வைக்க முடியாது. விலை நோயாளி தலையில்.

8. ஆஞ்சியோடிஸ்பிளாசியா கேஸில் மார்தட்டாதீர்கள். கசிவு நின்றதும் வெளியே போய் உறவினரிடம் "முடிஞ்சுது, இனி வராது" என்று சொல்லுகிற ஆர்வம் புதியவர்களுக்கு வரும். வாயைக் கட்டுங்கள். இந்தக் கோளாறு ஒரே இடத்தோடு நிற்பதில்லை. இன்று அடைத்தது ஒன்று. நாளை கசிவது பக்கத்து வீடாக இருக்கலாம். அதனால்தான் எண்டோஸ்கோப்பி எட்டுகிற இடமென்றால் ஆர்கான் வாயுவால் சுட்டுவிடுவதையே முதலில் செய்கிறார்கள். சிறுகுடலில் ஒளிந்திருந்தால் கேமரா மாத்திரையை விழுங்கச் சொல்லித் தேடுகிறார்கள். உயிருக்கு ஆபத்தாகக் கொட்டும்போதும், மற்ற வழி மூடிய பிறகும் நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்த ஒரு பாட்டியை நினைத்துக்கொள்கிறேன். இரண்டு தரம் நம் மேஜைக்கு வந்தார். குடலில் தேடியது எல்லாரும். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஆற அமரக் கேட்டவர் ஒரு ஜூனியர் டாக்டர். பெருந்தமனி வால்வு சுருங்கியிருந்தது. வால்வு சுருக்கத்துக்கும் குடல் கசிவுக்கும் உறவு உண்டு என்று 1958இலேயே ஹெய்டு என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். இறுகிய வால்வு வழியாகப் பாயும்போது, ரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் சிதைந்துபோகிறது. வால்வைச் சரிசெய்தால் பலருக்குக் குடல் கசிவும் நின்றுவிடுகிறது. நாம் அடைத்தது வீணில்லை, அதுவரை உயிர் தாங்கியது. ஆனாலும் பாட்டியைக் குணமாக்கியது காயில் இல்லை.

9. ரிப்போர்ட்டைப் பார்க்காமல் நோயாளியை மேஜையில் ஏற்றாதீர்கள். பிளேட்லெட், ஐ.என்.ஆர்., கிரியேட்டினின், ரத்த வகை, கிராஸ் மேட்ச் ஆன யூனிட் எத்தனை. காயில் தானாக ரத்தத்தை நிறுத்துவதில்லை. அதைச் சுற்றி ரத்தம் உறைந்தால்தான் அடைப்பு. உறையும் சக்தியே இல்லாத உடம்பில் எத்தனை காயில் போட்டாலும் இடுக்கு வழியாக ஓடும். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள். முன்பு டை போட்டபோது தடிப்பு, மூச்சுத்திணறல் வந்ததா என்பதையும்.

10. உங்கள் உடம்பும் உடம்புதான். அவசர கேஸ் என்று தைராய்டு காலரை மறந்துவிட்டு ஓடாதீர்கள். டி.எல்.டி. பேட்ஜ் அங்கிக்கு உள்ளே, நெஞ்சில். டிராயரில் வைத்துவிட்டு, கணக்கு குறைவாக வந்தது என்று மகிழ்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், யாரை ஏமாற்றுகிறார்கள்? அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் நமக்கு வைத்திருக்கும் எல்லை, ஐந்து வருஷச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்திலும் 30ஐத் தாண்டக்கூடாது. குடல் கசிவைத் தேடுகிற கேஸ்கள் நீளமானவை. படம் ஓடும்போது ஓரடி பின்னால் நகர்ந்து நில்லுங்கள். கர்ப்பமாக இருக்கிற பெண் பிள்ளைகள் கூச்சப்படாமல் பாதுகாப்பு அதிகாரியிடம் உடனே சொல்லுங்கள்.

11. ஷீத்தை எடுத்ததோடு வேலை முடியவில்லை. தொடை இடுக்கில் போட்டிருந்தால் அழுத்திப் பிடிக்க வேண்டும். போனை நோண்டிக்கொண்டு ஒரு கையால் பிடிப்பது பிடிப்பாகாது. காலை மடக்காமல் சுமார் ஆறு மணி நேரம். பாதத்தில் நாடி அடிக்கிறதா என்று ஷீத் போடுவதற்கு முன்னும் பின்னும் பார்த்துக் குறியுங்கள். வார்டு சிஸ்டரிடம் ஒப்படைக்கும்போது, எந்தக் குழாயில் என்ன போட்டோம் என்று சொல்லுங்கள். வயிற்றுவலி கூடிக்கொண்டே போனாலோ, வயிறு கல்லாக இறுகினாலோ, காய்ச்சல் வந்தாலோ காலைவரை காத்திருக்காமல் கூப்பிடச் சொல்லுங்கள். குடலுக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அறிகுறி அப்படித்தான் தொடங்கும். காயில் பாக்கெட்டில் இருக்கும் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுங்கள். பிற்பாடு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால், "உள்ளே என்ன உலோகம்?" என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

12. வெளியே நிற்கிற குடும்பத்தை மறக்காதீர்கள். விளக்கம் சொல்ல வேண்டியவர் டாக்டர்; ஆனால் கதவைத் திறந்ததும் அவர்கள் கையைப் பிடிப்பது உங்களைத்தான். எட்டாவதில் சொன்ன எச்சரிக்கையை நினைவில் வைத்துக்கொண்டு, தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். கத்தி வைக்கவில்லை, ஊசித் துளைதான் என்றால் பாதி பயம் போய்விடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டு, காப்பீட்டு மேசைக்கு வழி காட்டுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை அதில் இடம் இருக்கிறது. எந்தச் சிகிச்சை எதில் வரும் என்பதை அங்கேதான் சொல்வார்கள். ஏற்றிய ரத்தத்துக்கு ஈடாகக் கொடுக்க ஆள் கிடைக்காமல் விழிக்கிற குடும்பம் தினமும் இருக்கும். உங்களுக்கு வயது இருக்கிறது, எடை இருக்கிறது. அந்த வரிசையில் நீங்களும் போய் உட்காருங்கள்.

வீட்டுக்குப் போகும்போது அவர்கள் காதில் போட வேண்டியது மூன்று. கசிவு நின்ற பிறகும் பழைய ரத்தம் வெளியேறும்வரை நாலைந்து நாள் மலம் கறுப்பாகவே போகலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். பழைய நிறத்துக்குத் திரும்பிய மலம் மறுபடி கறுத்தாலோ, தலை சுற்றி வியர்த்தாலோ, அடுத்த ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும். நெஞ்சுக்குச் சாப்பிடும் ஆஸ்பிரினை நிறுத்துவதும் திரும்பத் தொடங்குவதும் டாக்டர் சொல்லித்தான்.